குமரி மாவட்டத்தில் திராட்சைப் பந்தல்: குழி வெட்டுவது முதல் பாட்டிலில் அடைப்பது வரை

நம் மாவட்டத்தில் திராட்சை வைக்கப் போகிறேன் என்று சொன்னால் உடனே வரும் பதில், "அதெல்லாம் கம்பத்துக்காரங்க வேலை" என்பதுதான். அதில் பாதி உண்மை இருக்கிறது. தேனி மாவட்டத்தின் கம்பம், உத்தமபாளையம், சுருளிப்பட்டி பக்கம் திராட்சை விளைவது போல விளவங்கோட்டில் விளையாது. ஆனால் தோவாளை, ஆரல்வாய்மொழி, அகஸ்தீஸ்வரம் பக்கம் பத்து இருபது சென்ட் விளை (மேட்டுத் தோட்ட நிலம்) இருக்கிறது, வீட்டில் வேலை செய்ய நாலு கை இருக்கிறது என்றால் ஒரு சின்னப் பந்தல் போட்டுப் பார்க்கலாம். அப்படி நினைக்கிற குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே திராட்சையைத் தீர்மானிப்பது மழை. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை நமக்கு. மற்ற பயிர்களுக்கு அது வரம். திராட்சைக்கு, அதுவும் பூவிலோ பழுக்கிற நேரத்திலோ வந்தால், பெரிய கேடு. இடம் பார்ப்பது, கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்குத் தேதி குறிப்பது, மருந்து அடிப்பது எல்லாமே மழையிலிருந்து தப்பிப்பதற்கான வேலைகள்தான்.

ஒயின் பற்றி முதலிலேயே

குடும்பமாக ஒயின் தயாரிக்கலாம் என்ற ஆசையில்தான் பலர் திராட்சைப் பக்கம் வருகிறார்கள். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் புளிக்கவைத்து மது தயாரிப்பது குற்றம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு மட்டும் ஒரு ஜாடி என்றாலும் சட்டம் அதைத் தனியாகப் பார்க்காது. ஒயின் ஆலைக்கு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையிடம் உரிமம் வாங்க வழி உண்டு. ஆனால் கட்டடம், கருவிகள், கட்டணம், கணக்கு என்று அது பத்து சென்ட் குடும்பம் தாங்குகிற செலவு அல்ல.

பழத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் தடை இருக்கிறது. நம் ஊருக்கு ஏற்ற பன்னீர் திராட்சையில் சர்க்கரை அளவு பொதுவாக 18 முதல் 20 பிரிக்ஸ். நல்ல ஒயினுக்கு 22க்கு மேல் எதிர்பார்ப்பார்கள். புளிக்கும் தொட்டியையும் ஏறக்குறைய 20, 25 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். நம் ஏப்ரல் வெயிலில் குளிரூட்டும் வசதி இல்லாமல் அது நடக்காது. அதனால் என் யோசனை: முதல் சில வருடங்கள் பழமாகவும் சாறாகவும் ஸ்குவாஷாகவும் விற்பதற்குத் திட்டம் போடுங்கள். செடியைக் கையாளப் பழகிய பிறகும் ஆசை இருந்தால், உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடிகிற அளவில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து யோசிக்கலாம். அதுவரை புளிக்கவைக்கிற வேலையே வேண்டாம்.

இடம் பார்ப்பது

திராட்சை இலை சில மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தாலே அடிச்சாம்பல் நோய் பிடித்துவிடும். மாவட்டத்தின் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ஜூன் முதல் நவம்பர் வரை இலை காய்வதே அபூர்வம். அங்கே ரப்பரும் அன்னாசியும் செழிப்பதற்கு எது காரணமோ, அதுவேதான் திராட்சை நோயில் விழுவதற்கும் காரணம். அந்தப் பக்கத்து நண்பர்கள் வருத்தப்பட வேண்டாம். வீட்டு முற்றத்தில் ஆசைக்கு ஒரு கொடி வையுங்கள், பணம் போட்டுத் தோட்டமாக்காதீர்கள்.

மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் தென்மேற்கு மழை குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மே முதல் செப்டம்பர் வரை காற்று பிய்த்துக்கொண்டு போகும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்தக் காற்று இலையைச் சீக்கிரம் காயவைக்கும் என்பது நல்லது. இளந்தளிரை ஒடிக்கும் என்பது கெட்டது. மேற்கு எல்லையில் பந்தலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வரிசை சவுக்கு வைத்தால் காற்றின் வேகம் குறையும். பந்தலை ஒட்டி வைத்தால் நிழலும் வேரும் தொல்லை செய்யும்.

மண்ணில் முக்கியம் வடிகால். மழை பெய்த மறுநாளும் குழியில் தண்ணீர் நிற்கிற நிலம் வேண்டவே வேண்டாம். செம்மண் விளை நல்லது. வயலில் வைப்பதென்றால் மேடு கட்ட வேண்டும். ஆனாலும் நல்ல நெல்வயலைத் திராட்சைக்காக மேடாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தண்ணீரில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது உப்பு. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும், திராட்சை அதைத் தாங்காது. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வந்த பிறகு குழி வெட்டுங்கள். திருப்பதிசாரத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்தில் எப்படி, எங்கே கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, சானல் (கால்வாய்) தண்ணீரை நம்பி இருக்க முடியாது. கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூன் முதல் தேதி திறந்து பிப்ரவரி கடைசியில் அடைத்துவிடுவார்கள். நம் கணக்கில் திராட்சை பருக்கிற மாதம் மார்ச். அந்த நேரத்தில் சானல் காய்ந்து கிடக்கும். கிணறோ ஆழ்குழாயோ கைவசம் இல்லாதவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

நாற்று, குழி, பந்தல்

புதியவர்களுக்கு பன்னீர் திராட்சையே போதும். மஸ்கட் ஹாம்பர்க் என்று வெளியில் சொல்கிற அதே ரகம். விதை உண்டு, நிறமும் மணமும் நன்றாக இருக்கும், சாறுக்கு ஏற்றது. பச்சை விதையில்லா ரகங்களை இங்கே ஆரம்பத்திலேயே முயலாதீர்கள். அவை இன்னும் வறண்ட காலநிலை கேட்கிறவை. தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒருமுறை குடும்பத்தோடு அங்கே போய் நாற்று பற்றி விசாரித்து, பக்கத்துத் தோட்டங்களில் கவாத்து செய்வதையும் நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். கவாத்தை எழுத்தில் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழு இருக்கிறது அல்லது கொஞ்சம் உப்பு இருக்கிறது என்று பரிசோதனையில் வந்தால், டாக்ரிட்ஜ் என்ற திராட்சை வகையின் வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டிய நாற்று கேளுங்கள்.

பன்னீருக்கு வரிசைக்கு வரிசை 3 மீட்டர், செடிக்குச் செடி 2 மீட்டர் இடைவெளி. பத்து சென்ட் என்பது ஏறக்குறைய 405 சதுர மீட்டர். ஓரம் போக அறுபது, அறுபத்தைந்து கொடி பிடிக்கும். முதல் முறைக்கு அதுவே ஒரு குடும்பத்துக்கு நிறைய வேலை.

ஏப்ரல், மே மாதங்களில் வரிசை நெடுக 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் போல வெட்டி சில வாரம் வெயிலில் ஆறவிடுங்கள். பிறகு மேல்மண்ணோடு மக்கிய சாணம், ஆட்டுப் புழுக்கை, வேப்பம் புண்ணாக்கு கலந்து மூடுங்கள். மக்காத சாணம் போட்டால் கரையான் வரும். ஜூன், ஜூலையில் வேர்பிடித்த நாற்றை நட்டு, காற்றில் ஆடாமல் ஒரு கம்பு ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

பணம் அதிகம் போவது பந்தலுக்குத்தான். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கம்பி வர வேண்டும். அதற்குக் கல்தூண்தான் சரி. கல்லுக்கும் கல்வேலை தெரிந்தவர்களுக்கும் நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. மூலைத் தூண்களும் ஓரத் தூண்களும் வெளிப்பக்கம் சாய்வாக நிற்க வேண்டும். அவற்றைத் தரையில் புதைத்த கல்லோடு இழுவைக் கம்பியால் கட்ட வேண்டும். மேலே ஓரங்களில் கனமான ஜிஐ கம்பி, குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கம்பி, ஒன்றரை அடிக்கு ஒன்று. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் ரப்பரையும் வாழையையும் சாய்த்துப் போட்டதை நாம் பார்த்திருக்கிறோம். இலை நிறைந்த பந்தல் காற்றில் பாய்மரம் போல இழுக்கும். மூங்கில் காலும் கயிறும் அதற்குப் பதில் சொல்லாது.

முதல் ஆறு மாதம்

நட்ட கொடியில் பல தளிர் வரும். நன்றாக வளர்கிற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அந்த ஒற்றைத் தண்டை வாரம் ஒருமுறை கம்போடு கட்டிக்கொண்டே வாருங்கள், பக்கக் கிளைகளையும் எடுத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. பந்தல் கம்பிக்கு ஒரு சாண் கீழே வந்ததும் நுனியைக் கிள்ளினால் கீழிருந்து இரண்டு கிளை வரும். அவற்றை எதிரெதிர்ப் பக்கமாகக் கம்பியில் படரவிட வேண்டும். பின்னால் இந்த இரண்டு கைகளிலிருந்துதான் காய்க்கும் கிளைகள் வரும். அடிக்கு ஒரு கிளை என்று இருபுறமும் பரவினால் போதும், நெருக்கினால் உள்ளே காற்று போகாது.

ஐப்பசி, கார்த்திகை வந்ததும் தினமும் காலையில் பந்தலடியில் நடந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே எண்ணெய் பட்டது போல மஞ்சள் திட்டு, அடியில் வெள்ளைப் பூஞ்சை என்றால் அது அடிச்சாம்பல். இலையின் மேலேயே முகப்பவுடர் தூவியது போல இருந்தால் அது சாம்பல் நோய். இரண்டுக்கும் மருந்து வேறு. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 3 கிராம். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

அடிச்சாம்பலுக்கு வீட்டிலேயே தயாரிக்கக்கூடிய போர்டோ கலவை இன்றைக்கும் நல்ல மருந்து. வந்த பிறகு அடிப்பதைவிட மழைக்கு முன்பே அடித்து வைப்பதுதான் பயன் தரும். பத்து லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனியாக ஐந்து ஐந்து லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரைக்க வேண்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்பு ஆறிய பிறகு வடிகட்டி, அதில் மயில்துத்தக் கரைசலைக் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். நன்கு தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் செடி வெந்துவிடும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். அன்றைக்குத் தயாரித்ததை அன்றைக்கே அடித்துவிடுங்கள். இலையின் அடிப்பக்கம் நனையவில்லை என்றால் அடித்தும் பயனில்லை.

நட்ட வருடத்து டிசம்பரில் அங்கங்கே பிஞ்சுக் குலை வந்தால் கிள்ளி எறியுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் எறியுங்கள். பந்தலை நிரப்புவதுதான் அந்த வருடத்தின் வேலை. பழத்துக்கு அடுத்த மார்கழிக் கவாத்து வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வடசேரி கனகமூலம் சந்தையில் பன்னீர் திராட்சை வாங்கி, சாறு எடுக்கவும் அடைக்கவும் பழகிவிடுங்கள். சொந்தப் பழம் வரும்போது கை தயாராக இருக்கும்.

கவாத்துத் தேதி

இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்தேன். நம் போன்ற வெப்பமான ஊரில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் தானாக உறங்கி எழுவதில்லை. நாம் வெட்டுகிற நாளிலிருந்துதான் அதன் கணக்கு ஆரம்பிக்கிறது. வெட்டிய இரண்டு வாரத்துக்குள் தளிர், ஐந்தாறு வாரத்தில் பூ, 110 முதல் 120 நாளில் பழம். அப்படியானால் பூவும் பழமும் எந்த மாதத்தில் வர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

கம்பத்தில் வருடத்துக்கு இரண்டு அறுவடை எடுக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் ஒரு கவாத்து, மே, ஜூனில் ஒரு கவாத்து. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால், இரண்டாவது பூ சரியாக ஆனி, ஆடிச் சாரலில் மாட்டிக்கொள்ளும். மகாராஷ்டிராவின் நாசிக் பக்கம் வேறு வழி வைத்திருக்கிறார்கள்: வருடத்துக்கு இரண்டு வெட்டு, ஒரே அறுவடை. ஏப்ரலில் வெட்டுவது கிளைக்கு, அக்டோபரில் வெட்டுவது பழத்துக்கு. நமக்கு அந்த முறையே பொருந்தும், தேதிகள் மட்டும் நம் மழைக்கு ஏற்ப மாறும்.

பழக் கவாத்தை மார்கழி பிறந்ததும், டிசம்பர் 16க்கும் 25க்கும் நடுவில் வையுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்துவரும் நேரம். பூ ஜனவரிக் கடைசியில் வரும். அது நமக்கு மழை குறைந்த காலம். பழம் ஏப்ரல் நடுவில் கைக்கு வரும், கோடை இடிமழை வலுப்பதற்கு முன்னால். ஆனால் காலண்டரைப் பார்த்து மட்டும் வெட்டாதீர்கள், வானிலை அறிக்கையையும் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு மழை வரும் போலிருந்தால் பத்து நாள் தள்ளிப் போடலாம். தள்ளிப்போட்டால் பழத்தில் கோடைமழை படும் அபாயம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வெட்டியவுடன் பெருமழை வந்தால் தளிர் முழுவதும் போய்விடும்.

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பழுப்பு நிறமாக முதிர்ந்த, பென்சில் கனமுள்ள கிளைகளை நாலு கணு விட்டு வெட்டுங்கள். மெலிந்ததை இரண்டு கணுவோடு நிறுத்துங்கள், அவை அடுத்த வருடத்துக்கு. நூறு கிளையில் அறுபது பழத்துக்கு, நாற்பது அடுத்த வருடக் கிளைக்கு என்ற விகிதம் சரியாக இருக்கும். வெட்டிய குச்சிகளைப் பந்தலடியில் போட்டு வைக்காமல் வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள், நோய் அதில்தான் தங்கும்.

இரண்டாவது வெட்டு அறுவடை முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, மே தொடக்கத்தில். இதைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். அடுத்த வருடத்துப் பூ இந்த வெட்டுக்குப் பிறகு நாற்பது முதல் அறுபது நாளுக்குள் கணுவுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. அந்த நாட்களில் இலையில் நல்ல வெயில் பட வேண்டும். மேகம் மூடியே கிடந்தால் கணுவில் குலைக்குப் பதில் வெறும் பற்றுக்கம்பிதான் வரும். மேற்குப் பக்கம் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

அறுவடையும் அடைப்பும்

திராட்சை பறித்த பிறகு பழுக்காது. மாம்பழம் போல வைக்கோலில் வைத்துக் காத்திருக்க முடியாது. நிறம் வந்ததை நம்பிப் பறிக்காதீர்கள், நிறம் முதலில் வந்துவிடும், இனிப்பு பிறகுதான் ஏறும். ஒரு சிறிய பிரிக்ஸ் மீட்டர் வாங்கி, குலையின் அடி நுனிப் பழத்தை அளந்து பாருங்கள். குலையில் கடைசியாக இனிப்பது அதுதான். 18 காட்டினால் பறிக்கலாம். கடைசி ஒரு வாரம் தண்ணீர் கட்ட வேண்டாம். மைனாவுக்கும் வவ்வாலுக்கும் வலை போட்டே ஆக வேண்டும்.

பன்னீருக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற விளைச்சல் எக்டேருக்கு வருடம் 30 டன். அது இரண்டு அறுவடை எடுக்கிற, கை தேர்ந்தவர்களின் கணக்கு. நாம் எடுப்பது ஒரே அறுவடை. பத்து சென்ட்டுக்கு அந்தக் கணக்கில் 1.2 டன் வரும் என்றாலும், முதல் அறுவடைக்கு 200, 300 கிலோ என்று வைத்துத் திட்டமிட்டால் ஏமாற்றம் இருக்காது.

சாறு எடுக்க, பழத்தைக் காம்பு நீக்கிக் கழுவி, கையால் உடைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் 60 முதல் 65 டிகிரி சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது, சூடு பட்டால்தான் அது சாற்றில் இறங்கும். கொதிக்க விட்டால் மணம் போய்விடும். மெல்லிய துணியில் பிழிந்து, ஒரு இரவு குளிர்பெட்டியில் வைத்தால் அடியில் உப்பு போலப் படியும். அதைக் கலக்காமல் மேல்சாற்றை மட்டும் எடுங்கள்.

ஸ்குவாஷுக்கு சாறு 1 லிட்டர், சர்க்கரை 1.6 கிலோ, தண்ணீர் 1¼ லிட்டர், சிட்ரிக் அமிலம் 30 கிராம் அளவு. சர்க்கரையைத் தண்ணீரிலும் அமிலத்திலும் காய்ச்சி ஆறவைத்துச் சாற்றில் கலக்க வேண்டும். எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் போடுகிற கந்தகப் பாதுகாப்பானை இதில் போடாதீர்கள், சிவப்பு நிறம் வெளுத்துவிடும். திராட்சைக்கு சோடியம் பென்சோயேட்தான். அளவை உணவுப் பாதுகாப்பு விதிப்படி தராசில் நிறுத்துப் போடுங்கள், கண்ணளவு கூடாது. விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எடுத்து, அந்த எண்ணையும் தயாரித்த தேதியையும் லேபிளில் அச்சிட வேண்டும். 'கம்பம்' என்ற பெயரை மட்டும் லேபிளில் போட்டுவிடாதீர்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அந்தப் பெயர் அந்தப் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு உரியது. தோவாளைத் திராட்சை என்றே போடுங்கள், கேட்டு வாங்க ஆள் வருவார்கள்.

விற்பனைக்கு நம் அறுவடைத் தேதியே பெரிய உதவி. சித்திரை ஒன்றாம் தேதி கனி காண மாவட்டம் முழுக்கப் பழம் தேடுவார்கள். நல்ல குலைகளை அதற்கு முந்தின இரண்டு மூன்று நாளில் பழமாகவே கொடுத்துவிடலாம், அப்போது கிடைக்கிற விலை வேறு நாளில் கிடைக்காது. உதிர்ந்தது, சிறுத்தது, குலையில் அழகில்லாதது எல்லாம் சாற்றுக்கு. அப்படி ஏப்ரலில் அடைத்த ஸ்குவாஷ், பாட்டிலைக் கொதிநீரில் சுத்தம் செய்து சரியாக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்திருந்தால் டிசம்பரில் கிறிஸ்துமஸ் வரைக்கும் நிற்கும். அந்த மாதம் எந்த வீட்டுக்கு விருந்தினர் வந்தாலும் கேக்கோடு கொடுக்க ஏதாவது சிவப்பாக வேண்டும். நவம்பர் தொடக்கத்திலேயே பக்கத்து ஆலயம், பேக்கரி, உறவுக்காரர்கள் என்று சொல்லி வைத்து, எத்தனை பாட்டில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மார்கழிக் கவாத்துக்கு ஆள் கூலியும் மயில்துத்தமும் அந்தப் பணத்திலிருந்தே வந்துவிடும்.